கிணத்து வீட்டுக்கு நூற்றிருபது கேள்விகள்

போன புதன்கிழமை காலை. பெரம்பலூரில் நான் பாடம் எடுக்கும் கோச்சிங் சென்டர் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள். பிளஸ் டூ படிக்கிற வயசு.

“உடையார்பாளையத்துலேருந்து வரோங்க சார். நீங்கதானே தங்கச்சிய திருச்சி வூட்டுக்குப் பாஸ் பண்ண வச்சது?”

எனக்குப் புரியவில்லை. “குரூப் ஃபோர் கோச்சிங்குக்கா வந்தீங்க?”

“அது இல்லீங்க. பொம்பளப் புள்ளைங்களா சேந்து இருக்குதுங்களே… அந்த வூடு. அதுக்கு நீங்க தனியா கோச்சிங் குடுக்கறதா பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாரு. நம்ம பொண்ணையும் சேத்துக்கணும்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் சொன்ன அந்த ஒருத்தர் யார் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவைத் தவிர வேறு யார்?

உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வதந்தி பரவி, நான் போர்டு மாட்ட வேண்டி வந்துவிடும்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலம் பக்கம். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும். என்ன செய்ய… சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது ஆள் என் தங்கை கயல்விழி. இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவும் திருச்சியில், ஒரு குறிப்பிட்ட மகளிர் கல்லூரியில்.

மார்க் பற்றிக் கவலையே இல்லை. அவள் எப்போதும் நிறைய வாங்குகிறவள். கவலை, தங்குகிற இடம் பற்றி. அங்கே ஹாஸ்டலில் இடம் கிடைப்பது பெரும் பாடு. எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்றால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். படிப்பு எப்போது? தூக்கம் எப்போது?

மார்ச் மாதம், பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே, அவளுடைய பிசிக்ஸ் டீச்சர்தான் அந்த வீடுகளைப் பற்றிச் சொன்னார்.

கல்லூரிக்குப் பின்னால் உள்ள தெருவில் இரண்டு வீடுகள். ஒன்று மாடி வீடு. இன்னொன்று கிணத்து வீடு. ஹாஸ்டல் கிடைக்காத மாணவிகள் எப்போதோ ஒரு காலத்தில் வாடகைக்கு எடுத்தது. இன்றுவரை மாணவிகளே நடத்துகிறார்கள். வார்டன் கிடையாது. சமையல், சாவி, சண்டை, சமாதானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்றாம் வருஷத்துப் பெண்கள் படிப்பை முடித்துக் கிளம்பினால், காலியாகிற இடத்துக்கு யார் வருவது என்பதை மிச்சமிருக்கிற பெண்கள் முடிவு செய்வார்கள். இடம் நாலோ ஐந்தோதான். கேட்டு வருகிறவர்கள் ஐம்பது பேர்.

ஏப்ரலிலேயே பெயர் கொடுக்க வேண்டும். மே மாதம் அந்த வீடுகளில் முன்பு இருந்த ஒரு அக்காவிடம் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். ஜூனில் அவர்கள் குறித்துக் கொடுக்கிற ஒரு நாள் மதியம் இரண்டு வீட்டுக்கும் டீக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னோம். முழுசாகக் கேட்டார்.

“டீ குடிக்கக் கூப்புட்டு, நாலு பேரு ஒக்காந்து பாப்பாங்க. இது போயி அடக்க ஒடுக்கமா நிக்கணும். புடிச்சிருந்தா சொல்லி அனுப்புவாங்க. அதானே?”

“ஆமாப்பா.”

“பொண்ணு பாக்குறதுன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கு இவ்ளோ நீட்டி மொழக்குற?”

“அப்பா!” என்று கத்தினாள் கயல். முறத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சிரித்தார்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ரெண்டு வூட்ல ஒண்ணுல எடம் கெடைச்சா போவட்டும். கெடைக்கலன்னா இங்கன பக்கத்துல இருக்கிற காலேஜு. புள்ள தெனம் ஆறு மணி நேரம் பஸ்ஸுல தொங்கிட்டு வரதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.”

நியாயமான நிபந்தனை. ஆனால் பக்கத்தில் இருக்கிற அந்தக் கல்லூரியில் இயற்பியல் கிடையாது. பி.காம்தான் கிடைக்கும்.

ஆக, ஒரு டீயில் அவளுடைய மூன்று வருஷம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன்.

என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்கிறேன். எந்தக் கதவாக இருந்தாலும் அதற்கு ஒரு கேள்வி-பதில் நோட்டுப் போட்டால் திறந்துவிடும் என்று நம்புகிறவன் நான். எனக்கு அப்படித்தான் திறந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, வேலை… எல்லாமே மனப்பாடம். எங்களை மாதிரி ஆட்களுக்கு வழி சொல்ல வீட்டில் யாரும் இருந்ததில்லை. கைடுதான் இருந்தது. கைடே மாமா, கைடே சித்தப்பா!

அதனால் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கினேன். முன்பாதியில் நூற்றிருபது கேள்விகள். பின்பாதியில் நூற்றிருபது விடைகள். கேள்வியை நீலத்திலும் விடையைக் கறுப்பிலும் எழுதினேன். முக்கியமானவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். மேல் அட்டையில் கயல்விழியின் பெயர்.

ஏப்ரல் முழுக்க, சனிக்கிழமை தோறும் பெரம்பலூரிலிருந்து ஊருக்குப் போய் மாதிரித் தேர்வு நடத்தினேன். கூடத்தில் ஒரு நாற்காலி எனக்கு. எதிரே ஒரு ஸ்டூல் அவளுக்கு. வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வர வேண்டும்.

“கேள்வி பதினாலு. உன் பொழுதுபோக்கு என்ன?”

“தூங்கறது.”

“புத்தகம் வாசிப்பதுன்னு எழுதியிருக்கேன்ல!”

“எந்தப் புத்தகம்னு கேட்டா?”

“அது கேள்வி பதினஞ்சு.”

“ஏண்ணா, அவங்க எதுக்கு இதெல்லாம் கேக்கப் போறாங்க? கூட இருக்கப் போற புள்ளைங்கதானே?”

“உன்னை யாரு எதிர்க்கேள்வி கேக்கச் சொன்னது? பதில மட்டும் சொல்லு.”

இந்த வசனத்தை அந்த இரண்டு மாதத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கயலுக்குச் சின்ன வயசிலிருந்தே இந்தப் பழக்கம். ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து இரண்டு கேள்வி எடுப்பாள். பசு ஏன் நின்றுகொண்டே தூங்காது? அப்படித் தூங்கினால் விழுந்துவிடுமா? விழுந்தால் அதுவாகவே எழுந்துகொள்ளுமா? அப்பா டிராக்டரை நிறுத்திவிட்டுப் பதில் யோசித்த நாட்கள் உண்டு.

நோட்டோடு நிற்கவில்லை நான். அவளுடைய இன்ஸ்டாகிராமைத் திறக்கச் சொன்னேன். டிராக்டர் மேல் உட்கார்ந்து தோழியோடு போட்ட மூன்று ரீல்ஸ் இருந்தன. “அந்த வீட்டுக்காரங்க இதெல்லாம் பாப்பாங்க. எடுத்துரு” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தாள். அரியலூர் டவுனுக்குக் கூட்டிப் போய், கண்ணைப் பறிக்காத நிறத்தில் ஒரு சுடிதார் எடுத்தேன். அவளுக்குப் பிடித்தது கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அந்த வீடுகளில் முறை வைத்துச் சமைக்க வேண்டும் என்பதால் அம்மாவிடம் சாம்பார் பாடம். முதல் நாள் சாம்பாரை நான் சாப்பிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதினால் அவள் என்னிடம் பேச மாட்டாள்.

அடுத்தது கடிதம்.

லப்பைக்குடிகாட்டில் நஸ்ரீன் என்று ஒரு அக்கா இருப்பதைக் கண்டுபிடித்தோம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு கிணத்து வீட்டில் இருந்தவர். இப்போது பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் சவுதியில். போன் செய்தபோது நல்லபடியாகப் பேசினார். வைக்கும்போது ஒரு குண்டைப் போட்டார்.

“தம்பி, கடுதாசியில அந்தப் புள்ளையோட கொறை ஒண்ணு கட்டாயம் எழுதணும். அது எங்க வூட்டு வழக்கம். கொறை இல்லாத கடுதாசிய ரெண்டு வூட்லயும் படிக்கக்கூட மாட்டாங்க. நல்லா யோசிச்சு வச்சுட்டு வாங்க.”

குறையா? நூற்றிருபது கேள்வியில் இது இல்லையே!

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது குடும்பமே உட்கார்ந்து யோசித்தது.

“எழுதறதுக்குக் கொறையே இல்லன்னா என்ன பண்றது?” என்றார் அப்பா. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

“ஒங்களுக்குத் தெரியாது. நான் சொல்றேன், நாலு பேப்பர் எடுடா” என்றார் அம்மா. “காலையில எழுப்பினா எந்திரிக்க மாட்டா. குளிச்சா ஒரு மணி நேரம். ஈரத் துண்ட கட்டில் மேல போடுவா. தட்டுல வெங்காயத்த ஒதுக்கி வப்பா…”

“அம்மா, போதும்மா! ஒரு கொறைதான் கேட்டாங்க.”

“ஒண்ணுன்னா எதைன்னு எடுக்கிறது?”

நான் கை உயர்த்தி அனைவரையும் அமைதிப்படுத்தினேன். இதற்கும் கைடில் ஒரு வழி உண்டு. நேர்முகத் தேர்வில் பலவீனத்தைக் கேட்டால் பலத்தையே பலவீனம் மாதிரி சொல்ல வேண்டும்.

நஸ்ரீன் அக்கா வீட்டில் அதைத்தான் சொன்னேன்.

“ரொம்பக் கடினமா உழைப்பா. ஓய்வே எடுக்க மாட்டா. அதான் இவகிட்ட இருக்கிற ஒரே குறை.”

நஸ்ரீன் அக்கா நன்னாரி சர்பத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “வருஷத்துக்குப் பத்து புள்ளைங்க இந்தக் கொறையோடதான் வருதுங்க தம்பி. அத்தனை பேரும் ஓய்வே எடுக்காதவங்களா இருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்.”

கயல் அதுவரை வாயைத் திறக்கவில்லை. நான்தான் அப்படிச் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். ஆனால் அக்கா சிரித்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அக்கா, அங்க எட்டுப் பேருக்கு எத்தனை பாத்ரூம்?”

“ஒண்ணு.”

“அப்ப காலையில யாரு மொதல்ல?”

“மொதல்ல எந்திரிக்கிறவங்க.”

“எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சா? பரீட்சை அன்னிக்கு? யாருக்காவது எட்டு மணிக்கே லேப் இருந்தா?”

நான் அவள் காலை மெல்ல மிதித்தேன். அவள் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

“ஏன் தம்பி அந்தப் புள்ள கால மிதிக்கிறீங்க?” என்றார் நஸ்ரீன் அக்கா.

அடுத்த அரை மணி நேரம் கேள்விமயம். கிணறு எவ்வளவு ஆழம், சண்டை வந்தால் யார் தீர்ப்பார்கள், நோன்பு சமயத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், விடியற்காலையில் உங்களுக்கு யார் சமைத்தார்கள்…

“எனக்கு யாரும் சமைக்கல. எல்லாரும் எந்திரிச்சு எங்கூட சாப்பிட்டாளுங்க” என்றார் அவர். “சரி, கடுதாசி எழுதுறேன்” என்று எழுந்தார்.

உள்ளே போய் எழுதி, கவரை ஒட்டியே கொண்டு வந்தார். என்ன குறை எழுதினீர்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. வாசல் வரை வந்து கயலிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

“அவங்க மட்டும் உன்னைப் பாக்கல. நீயும் அவங்களப் பாக்கணும். சீட்டு ரெண்டு பக்கமும் எழுதுவாங்க, மறந்துராத. இன்ஷா அல்லாஹ், நல்லதே நடக்கும்.”

எனக்கு அது சிலபஸில் இல்லாத விஷயமாகப் பட்டது. நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டு விவரம் பின்னால் வருகிறது.

ரிசல்ட் வந்தது. மார்க் நினைத்தபடியே. கல்லூரியில் இயற்பியல் சீட் கிடைத்தது. ஹாஸ்டல் பட்டியலில் பெயர் இல்லை. இனி வீடுதான்.

ஜூன் மாதம், கல்லூரி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, அப்பா, நான், கயல் மூவரும் திருச்சிக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் கடைசியாக ஒரு தடவை நூற்றிருபதையும் ஒப்பித்தாள். ஒரு பிசகு இல்லை. நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், உள்ளே போகும் முன் ஒரு புரட்டு புரட்டிக்கொள்ளலாம் என்று.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. நானும் அப்பாவும் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதலில் மாடி வீடு. எனக்கு அதுதான் இலக்கு. கலெக்டர் ஆபீஸில் பெரிய வேலையில் இருக்கும் ஒருவர், பேங்க்கில் மேனேஜர் ஒருவர் என்று அங்கே இருந்தவர்களின் பட்டியலை நான் திரட்டி வைத்திருந்தேன். பேச்சுப்போட்டிக் கோப்பைகளுக்கு ஒரு தனி அலமாரியே உண்டாம். அங்கே போய்ச் சேர்ந்தால் என் தங்கைக்கு வழி சொல்ல நூறு அக்காக்கள் கிடைப்பார்கள். கைடு வேண்டியிருக்காது.

அரை மணி நேரத்தில் இறங்கி வந்தாள்.

“எப்படிப் போச்சு?”

“ஒன்பது கேள்வி நோட்டுலேருந்தே வந்துச்சுண்ணா. எல்லாம் கரெக்டா சொல்லிட்டேன்.”

நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். “பாத்தியா! நான் சொன்னேன்ல? அவங்க என்ன சொன்னாங்க?”

“தேங்க்யூ சொன்னாங்க. நல்லவங்கதான். பிஸ்கட்டு குடுத்தாங்க.” தண்ணீரை மடமடவென்று குடித்தாள். “வாய் வலிக்குது.”

“இன்னும் ஒண்ணுதான். அதையும் இப்படியே முடிச்சுட்டு வந்துரு.”

கிணத்து வீட்டுக்குள் போனாள். பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கிணற்று ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு… சிரிப்பு. சாதாரணச் சிரிப்பா அது? வீடே ஒரே நேரத்தில் சிரிக்கிற சிரிப்பு. காம்பவுண்டு சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, டீக்கடைக்காரர் கையை நிறுத்திப் பார்க்கிற அளவுக்கு.

“என்னடா இது?” என்றார் அப்பா.

நூற்றிருபது விடைகளில் ஒன்றுகூடச் சிரிப்பு வருகிற மாதிரி நான் எழுதவில்லை. கேலி செய்கிறார்களோ? கிராமத்துப் பெண் என்று…

அரை மணி நேரம் ஆகியது. முக்கால் மணி நேரம் ஆகியது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். புதுச் சுடிதாரின் கை முழங்கை வரை ஈரம்.

“என்ன ஆச்சு?”

“மோட்டார் ரிப்பேர்ணா. டீ போடத் தண்ணி இல்ல. அவங்க எறைச்சிட்டு இருந்தாங்க, நானும் கயிறப் புடிச்சேன். எத்தனை நேரம்தான் சும்மா எறைக்கறது? அதான் நோட்ட எடுத்தேன்.”

“நோட்ட எடுத்தியா? எதுக்கு?”

“அவங்களக் கேட்டேன். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க… ஒருத்தி பதில் சொன்னா இன்னொருத்தி, ‘பொய் சொல்றாடி, நம்பாத’ங்கிறா. நாப்பத்தி ரெண்டாவது கேள்வி இருக்குல்ல, ‘நெருக்கடியான சூழலை எப்படிக் கையாள்வீர்கள்?’ அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு.”

நெருக்கடி என்னவென்றால், போன பங்குனியில் அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. அம்மை போட்டால் வீட்டை விட்டுப் போகக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது… நம் வழக்கம் தெரியுமே? அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்ப முடியாது. அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்ப மனசு வரவில்லை. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு எட்டுப் பேரும் இருந்துவிட்டார்கள். விளைவு? வரிசையாக ஐந்து பேருக்குப் போட்டது. ஒருத்திக்குத் தண்ணீர் ஊற்றினால் அடுத்தவள் படுப்பாளாம். ஒரு மாதத்துக்கு மேல் தாளிக்காத சோறு. “கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கனவில் கேட்டோம்” என்றார்களாம்.

“இதே கேள்விய மாடி வீட்லயும் கேக்கணும்னு இருந்துச்சு. நீதான் பதில மட்டும் சொல்லச் சொன்னியே” என்றாள் கயல்.

சரி. இப்போது சீட்டு.

டீக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. தனக்குப் பிடித்த வீட்டை அதில் எழுத வேண்டும். இரண்டையும் வரிசைப்படுத்தி எழுதலாம், ஒன்றை மட்டும் எழுதலாம். வீட்டுக்காரப் பெண்களும் அவர்களுக்குப் பிடித்த பெயர்களை எழுதுவார்கள். இரண்டும் பொருந்தினால் இடம். ஒரே வீட்டை எழுதி, அந்த வீட்டார் நம் பெயரை எழுதவில்லை என்றால்… இரண்டும் கிடையாது. பி.காம்.

கயல் டீக்கடை பெஞ்சில் சீட்டை வைத்து ‘கிணத்து வீடு’ என்று எழுதினாள். பேனாவை மூடினாள்.

“ஏய்! மாடி வீடு?”

“வேணாம்ணா.”

“பைத்தியமா நீ? மொதல்ல அதை எழுது. ரெண்டாவதா இதை எழுதிக்க. ரெண்டும் எழுதினா ஒண்ணாவது கெடைக்கும்ல?”

“மாடி வீட்ல எடம் கெடைச்சா அது ஒனக்குக் கெடைச்சதுண்ணா. நான் அங்க ஒண்ணுமே பேசல. எல்லாம் நீதான் பேசின. மூணு வருஷம் உன் பதில நான் சொல்லிட்டே இருக்க முடியுமா?”

பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு நோட்டில் விடை கிடையாது.

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார். “ஏன் ஆயி, அந்த வூட்ல ஒனக்கு எடம் குடுத்துருவாங்களா?”

“தெரியலப்பா.”

“குடுக்கலன்னா?”

“பி.காம் படிக்கிறேன்.”

அப்பா டீ டம்ளரில் மிச்சமிருந்ததைக் கீழே ஊற்றினார். “சரி. கொண்டு போயி குடுத்துட்டு வா.”

மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் நல்ல போன் அப்பாவுடையதுதான் என்று அந்த நம்பரைக் கொடுத்திருந்தாள். அப்பா காலையிலேயே உழவுக்குப் போய்விட்டார்.

ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. போன் வந்தால் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்திருப்பாரே? அந்த நேரம் பார்த்து அவர்களுக்கு லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று நாங்கள் அவருக்கு அடிக்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் கயலுக்குப் பிடித்த உருளைக்கிழங்கை வெங்காயம் போடாமல் வறுத்துக்கொண்டிருந்தார். கயல் துணிகளை மடித்து, மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பி.காம் பாடத்திட்டத்தை போனில் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாமல்தான்.

ஆறு மணிக்கு டிராக்டர் வாசலில் வந்து நின்றது.

“போன் வந்துச்சாப்பா?” என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். பை காலி. முகம் மாறியது. டிராக்டருக்கு ஓடி, ஸ்பேனர் வைக்கும் பெட்டியைத் திறந்து, கிரீஸ் துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். புழுதி படக்கூடாது என்று பத்திரமாக வைத்தாராம்.

ஆறு மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர்.

கயல் திருப்பி அடித்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் அப்பா.

“ஹலோ, கயல்விழியா? கிணத்து வீட்லேருந்து தேன்மொழி பேசுறேன். ஏன்டி போன எடுக்கல? நீ வரல போலன்னு இங்க ஒருத்தி அழுதுட்டு இருக்கா!”

அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் நடந்ததை விவரிக்க இந்தப் பக்கம் போதாது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். அப்பா கிரீஸ் கையாலேயே மகள் தலையைத் தடவினார். அன்று அவள் தலைக்குக் குளிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். போனை வாங்கினேன். “நான் கயலோட அண்ணன் பேசுறேங்க. ஒண்ணு கேக்கலாமா?”

“ஓ… இன்ஸ்டாவுல தினமும் குட்மார்னிங் போட்டு தன்னம்பிக்கை வரி எழுதுவீங்களே, அந்த அண்ணனா? நாங்க எல்லாரும் பாத்தோம்ணா.”

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. அவளுடைய ரீல்ஸை எடுக்க வைத்த நான், என்னுடையதைப் பார்ப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

“அந்த… நஸ்ரீன் அக்கா கடிதத்துல என்ன குறை எழுதியிருந்தாங்க?”

“அதுவா? ‘கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாள். பதில் திருப்தியா இல்லைன்னா விடமாட்டாள். அண்ணன் காலை மிதிச்சாலும் நிறுத்தமாட்டாள்.’ இவ உள்ள வந்து பத்து நிமிஷம் வாயே தொறக்கலண்ணா. வேற யாரோ வந்துட்டாங்களோன்னு நாங்க பயந்துட்டோம். அப்பறம் நோட்ட எடுத்தா பாருங்க… அப்பாடா, இவதான்னு நிம்மதி ஆச்சு.”

மாடி வீடு அவளை எடுத்திருக்குமா? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கல்லூரி திறக்கும் முதல் நாள், அரிசி மூட்டையோடு கொண்டு போய் விட்டோம். அன்று ஒரு நாள் மட்டும் அப்பாக்களும் அண்ணன்களும் முற்றம் வரை வரலாம். கயல் அந்த மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். எப்போது வாங்கினாள், யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

முற்றத்தில் எட்டிப் பார்த்து, “இந்தக் கெணத்துக்கு மூடி இருக்கா? கம்பி வலை எங்க? ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டு எவ்ளோ நாளாச்சு? மோட்டாரு என்ன எச்.பி.?” என்று அப்பா ஆரம்பித்தார். ஒரு பெண் பதில் சொல்ல, அதிலிருந்து இரண்டு கேள்வி எடுத்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் கயலும்கூடப் பார்த்துக்கொண்டோம்.

கிளம்பும்போது கயல் என் கையில் நோட்டைக் கொடுத்தாள். மெலிந்து பாதியாக இருந்தது.

“முன்பாதிய இங்க வச்சிக்கறோம்ணா. அடுத்த வருஷம் வர்ற புள்ளைங்க எங்களக் கேக்கறதுக்கு வேணுமாம். கேள்வியெல்லாம் நல்லாதான் எழுதியிருந்த.”

“பின்பாதி?”

“அது ஒன்னோடது. போயிட்டு வாங்க.”

உடையார்பாளையத்துக்காரர் முழுக்கக் கேட்டு முடித்தார். கொஞ்சம் யோசித்தார். “எல்லாஞ் சரிங்க சார். அந்த மிச்ச பாதி நோட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாங்களா?” என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “எதுக்குப்பா?”

அந்தப் பெண்ணுக்குக் கோச்சிங் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நூற்றிருபது பதில்கள், கறுப்பு மையில், என் மேஜை டிராயரில் அப்படியே இருக்கின்றன… கேள்விகள்தான் கைவசம் இல்லை!